பாவுக்கு அப்பால் பதினான்கு அடி

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

ஆரணியில் அச்சாகும் தங்கள் இதழ், இரண்டு மாதம் பிந்தியேனும், இங்கிலாந்தின் நடுப்பகுதியில் உள்ள இந்நகரத்துக்கு வந்து சேர்கிறது. அதன் வாசகர்களுள் எங்கள் தெருக்காரர்களும் உண்டு என்பதை அறிவேன். அவர்கள் கண்ணில் படவேண்டும் என்பதற்காகவே இதனை எழுதத் துணிந்தேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். வேதாகமத்தையும் செய்தித்தாளையும் அரசாங்கச் சுற்றறிக்கைகளையும் உரக்கப் படித்து உரைநடை பழகியவன். எண்பது வயதில் இனி அதை மாற்றிக்கொள்ள இயலாது. பிழை பொறுத்தருள்க.

1

நான் இந்நாட்டுக்கு வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. முதலில் மகனுடன் இருந்தேன். அவன் வேலை மாறி வடக்கே வெகுதூரம் சென்றுவிட்டபடியால், சில மாதங்களுக்கு முன் மகள் ஜெயசீலியின் வீட்டுக்கு இடம் பெயர்ந்தேன். அவள் மருத்துவமனையில் பணி செய்பவள். கணவரைப் பிரிந்து பதினாறு வயது மகனுடன் வாழ்கிறாள். நான் பெட்டியைப் பிரித்து அடுக்கிய அதே வாரத்தில், இந்நகர மன்றத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. ‘இவ்வீட்டில் பதினெட்டு வயது நிரம்பியோர் எத்தனை பேர்?’ என்பது கேள்வி. ஒருவர் மட்டுமே எனில் வீட்டு வரியில் கால் பங்கு தள்ளுபடி உண்டு. மகள் அதுவரை அச்சலுகையைப் பெற்று வந்தவள்.

நான் அவளிடம் தணிந்த குரலில் சொன்னேன்:

“ஜெயா, என் பேர எழுதாத. நான் விருந்தாளின்னு வச்சுக்கோ.”

“விருந்தாளியா? அலமாரி பூரா உங்க மாத்திரதான் கீது. விருந்தாளியாம்.”

“கால் பங்கு போவுதேம்மா.”

“போவட்டும்ப்பா. நீங்க போடற குப்பையையும் அதே வண்டிதானே அள்ளிகினு போவுது? நீங்க வாக்கிங் போற ரோட்டுலதானே லைட்டு எரியுது?”

“அது நான் இல்லேன்னாலும் எரியும்.”

“எப்படிப்பா எரியும்? யாராவது குடுத்தாதான் எரியும்.”

அவள் என் பெயரைப் பெரிய எழுத்துகளில் எழுதினாள். அருகில் இருந்த பேரன், ‘தாத்தா ஏன் ஒளிந்துகொள்ளப் பார்க்கிறார்?’ என்று ஆங்கிலத்தில் தாயிடம் கேட்டான். என்னிடம் கேட்கவில்லை. அவனுக்குத் தமிழ் வராது. என் ஆங்கிலம் அவனுக்குப் பொறுமையைச் சோதிப்பது. ஆகவே, நாங்கள் இருவரும் ஒரே மேசையில் அமர்ந்து அவன் தாய் வழியாகவே பேசிக்கொள்கிறோம்.

சில நாள் கழித்து மன்றத்திலிருந்து ஒரு பெண்மணி தொலைபேசினார். மகள் வேலைக்குப் போயிருந்தாள். ‘நீங்கள் இவ்வீட்டில் வசிக்கிறீர்களா?’ என்றார். சும்மாதான் இருக்கிறேன் என்னும் பொருளில், ‘ஐ ஆம் சிம்ப்ளி சிட்டிங், மேடம்’ என்றேன். அதை அவர் எவ்வாறு விளங்கிக்கொண்டாரோ, நான் ‘சிட்டிங் டெனன்ட்’, அதாவது குடியிருப்பு உரிமை கோரும் வாடகைதாரன் என்று பதிவாகி, மூன்று பக்கத்தில் வேறொரு படிவம் வந்து சேர்ந்தது. மகள் சிரித்தபடியே அதையும் நிரப்பினாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பேரன் கேட்ட கேள்வி என்னை ஆரணிக்குக் கொண்டுபோய் நிறுத்தியிருந்தது.

2

எங்கள் தெருவில் கால்வாயை ஒட்டிய கீழண்டை வரிசையில் பதினொரு வீடுகள். அனைத்தும் பட்டுத்தறி வீடுகள். கிறிஸ்தவர்கள் நாங்கள் இரண்டு குடும்பம், மற்றவர்கள் இந்துக்கள். முன்பக்கம் குடியிருக்கும் அறைகள்; பின்பக்கம், கால்வாய்க் கரைவரை தறிக்கூடம். கூடத்தின் நீளம் எல்லா வீட்டிலும் ஏறக்குறையப் பதினான்கு அடி. வரிசையின் கோடி வீடு எங்களுடையது. தந்தையாருக்குப் பின் அதை என் தம்பிக்கு விட்டுக்கொடுத்தேன்.

நான் நெய்தேன் என்பதைவிட, எழுதினேன் என்பதே தெருவில் எனக்குப் பெயர். ‘மனுக்காரர்’ என்பார்கள். ரேஷன் கார்டு முதல் மின் இணைப்பு வரை அனைவருக்கும் நானே எழுதுவேன். ஒருமுறை நகராட்சி, வீட்டு அளவைக் குடியிருப்போரே எழுதித் தரவேண்டும் என்று படிவம் கொடுத்தது. பதினொரு வீட்டுப் படிவங்களும் என் கைக்கு வந்தன. அப்போது என் அறிவு ஒரு வழியைக் கண்டுபிடித்தது. வீடு வீடாகச் சென்று சொன்னேன்: “தறி இருக்கற எடம் வீடே இல்ல. அது தொழில் பண்ற எடம். அத எதுக்கு வீட்டு வரியில காட்டணும்?” கேட்டவர்கள் மகிழ்ந்தார்கள். பதினொரு படிவத்திலும், தெருவிலிருந்து நீளம் முப்பது அடி என்று என் கையாலேயே எழுதினேன். கையெழுத்து மட்டும் அவரவர் இட்டனர்.

சரிபார்க்க வரித் தண்டலர் வரும் நாள் தெரிந்திருந்தது. அன்று பதினொரு வீட்டிலும் தறியில் ஏறியிருந்த பாவைக் கூடத்தின் வாசல் குறுக்கே நீட்டிக் கட்டிவைக்கச் சொன்னேன். பாவு என்பது நெய்வதற்காக நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பட்டு இழைகள். எங்கள் தெருவில் எவரும் பாவைத் தாண்டமாட்டார்கள். செருப்புக் காலோடு அதன் அருகில்கூடப் போகமாட்டார்கள். தண்டலரும் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். பாவைக் கண்டதும் நின்று கும்பிட்டார். அளவு நாடா அங்கேயே நின்றது. அவர் எங்களிடம் ஒரு காசு கேட்டவரல்லர். காப்பி மட்டும் குடித்தார். அவருடைய பக்தியின் மேல்தான் நாங்கள் எங்கள் பொய்யைக் கட்டினோம்.

பின்பு, தொழில் வரி குறித்து விசாரிக்க வேறொருவர் வந்தார். அவரிடம் அதே கூடத்தைக் காட்டி, “இது வீடுதாங்க. வீட்டுக்குள்ள ஏதுங்க தொழிலு?” என்றோம். இவ்வாறாக எங்கள் தறிக்கூடங்கள் வீட்டுக் கணக்கிலும் இல்லை, தொழில் கணக்கிலும் இல்லை. அந்நாளில் இதை ஒரு வெற்றி என்றே நான் கருதினேன்.

அதே காலத்தில், ஒவ்வொரு மழைக்கும் கால்வாய் நீர் பின்பக்கமாகத் தறிக்குழிகளில் ஏறும். கால் நீட்டி அமர்ந்து நெய்யும் குழி அது; நீர் நின்றால் வாரக்கணக்கில் வேலை இல்லை. ஆகவே, வடிகால் வேண்டி மனு எழுதினேன். ஒன்றன்று, பல. ஒருமுறை அலுவலகத்தில் ஓர் அதிகாரி என் மனுவை முழுவதும் படித்துவிட்டுச் சொன்னார்:

“பெரியவரே, எழுத்து அருமையா இருக்குது. ஆனா வடிகாலுக்கு அரசாங்கம் ஒரு பங்குதான் தரும். மீதிய நகராட்சி சொந்த வருமானத்துல போடணும். உங்க தெரு குடுக்கற வரியில தெரு லைட்டு எரியறதே பெருசுங்க.”

நான் வீடு திரும்பி, ‘ஏழை நெசவாளரின் கண்ணீர் அதிகார வர்க்கத்தின் செவியில் விழவில்லை’ என்று தொடங்கும் மற்றொரு மனுவை எழுதினேன். தெருவில் படித்துக் காட்டினேன். கைதட்டினார்கள். அந்த அதிகாரி சொன்னதையும், நான் எழுதிய முப்பது அடியையும் ஒரே நேரத்தில் மனத்தில் வைத்து நான் பார்த்ததே இல்லை.

3

மகள் படிவத்தில் என் பெயரை எழுதிய சில நாளில், காலைக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது எஸ்தரிடமிருந்து வீடியோ அழைப்பு வந்தது. எஸ்தர் என் தம்பியின் மனைவி. தம்பி இறந்தபின் கோடி வீட்டில் தனித்து வாழ்ந்து, அந்தக் கூடத்தில் தானே நெய்து பிழைப்பவள்.

“மாமா, சாப்டீங்களா?”

“ஆச்சும்மா. சொல்லு.”

“ஒண்ணுமில்லீங்க மாமா. வடிகால் வேல ஆரம்பிச்சுட்டாங்க. நம்ம கோடியில கால்வாய் திரும்புதில்ல, அங்க எடம் பத்தலியாம். தெருவுல இருந்து முப்பது அடி அளந்து, கூடத்து வாசப்படியில சிவப்புக் கோடு போட்டுட்டுப் போயிருக்காங்க. கோட்டுக்கு அந்தாண்ட கவருமெண்டு எடமாம். சோறு நம்ம எடத்துல துன்றேன், தறி கவருமெண்டு எடத்துல நெய்யறேன்.” சிரித்தாள்.

“பத்திரம் காட்டினியா?”

“காட்டினேன். அதுல கெழக்க கால்வாய்னுதான் கீது, அடி போடலியே. அளக்க வந்த மேடம் நல்ல மாதிரிதான் பேசுச்சு. ‘அம்மா, உங்க வீட்டுக்காரங்களே முப்பதுன்னு எழுதிக் குடுத்திருக்காங்களே’ன்னு ஒரு ஜெராக்ஸ் காட்டுச்சு. உங்க எழுத்து மாமா. பார்த்த ஒடனே தெரிஞ்சுபோச்சு.”

கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளிவைத்தேன்.

“பதினஞ்சு நாளுக்குள்ள ஆட்சேபன இருந்தா எழுதிக் குடுக்கணுமாம். நான் உங்கள எதுவும் கேக்கலீங்க மாமா. உங்ககிட்ட சொல்லாம இருந்தா நல்லா இருக்காதேன்னு சொன்னேன், அவ்ளோதான். தறியில ஒரு பாவு ஏறிக்கீது. அது முடியற வரிக்கும் உடமாட்டாங்களா இன்னா?”

இந்த உரையாடலை இயன்றவரை அவள் சொன்ன சொற்களிலேயே எழுதியிருக்கிறேன். வாசகர்கள் இதனை மனத்தில் இருத்தும்படி வேண்டுகிறேன்.

4

அடுத்த நாளே ஏகாம்பரம் அழைத்தான். கோடிக்கு இரண்டு வீடு தள்ளியிருப்பவன், என் வயதினன், சிறுபிராயம் முதல் என்னை அதட்டிப் பேசும் உரிமை பெற்றவன். எஸ்தர் வீட்டில் சிவப்புக் கோடு விழுந்ததைத் தெருவே பார்த்திருந்தது. மனுக்காரன் ஏதேனும் எழுதிவிடுவானோ என்று தெருவே அஞ்சியும் இருந்தது.

“யோவ் மனுக்காரா, கையில பேனா எடுத்துட்டியா?”

“இன்னும் இல்ல.”

“எடுக்காத. ஆட்சேபனன்னு நீ இன்னான்னு எழுதுவ? அன்னிக்கு நான் கொறச்சு எழுதினேன்னுதானே எழுதணும்? எழுதினா ஒரு வீட்டோட போவுமா? பதினொரு வீட்டுக்கும் டேப்பு வரும்யா. பழைய வருஷத்துக்கும் சேத்துக் கேப்பான்.”

“எஸ்தர் எங்க போவா?”

“எங்க போவுது? நாங்க இல்லியா? என் மாடியில ஷெட்டு போட்டுத் தரேன்.”

“மாடியில தறிக்குழி தோண்டுவியா?”

“ஸ்டாண்டுத் தறி போட்டுக்கலாம்யா! எல்லாத்துக்கும் எடக்குப் பேசாத.”

“ஏகாம்பரம், நாம குடுக்க வேண்டியத குடுத்திருந்தா இந்த வடிகால் எப்பவோ வந்திருக்கும்யா.”

“இப்ப வருதில்ல? ஊர் பூரா வரி ஏத்தினான், எவன் எவனோ கட்டினான், நமக்கு வடிகால் வருது. வர்றத எதுக்குக் கலைக்கற? அன்னிக்கு வாசல்ல பாவு கட்டுன்னு சொன்னவன் நீ. இன்னிக்கு வெள்ளக்கார ஊர்ல உக்காந்துகினு இன்னாய்யா, மறுக்கா ஞானஸ்நானம் வாங்கிட்டியா?”

‘எவன் எவனோ கட்டினான்’ என்று அவன் சொன்னது மட்டும் தொலைபேசியை வைத்த பின்னும் காதில் இருந்தது.

5

இந்நகர மன்றம் பொருளின்றித் தவிக்கிறது. எங்கள் பகுதி நூலகத்தை வாரம் இரு நாள் மட்டும் திறப்பதென்று அறிவித்தார்கள். அதுபற்றி மக்கள் கருத்தைக் கேட்க ஒரு கூட்டம் கூட்டினார்கள். நான் நாள்தோறும் அந்நூலகத்தில் வெதுவெதுப்பாக அமர்பவன் ஆகையால் மகளுடன் சென்றேன். பலரும் மன்றத்தைத் திட்டினார்கள். அது எனக்குப் பழகிய பேச்சு. எழுந்து கைதட்டவும் தயாராயிருந்தேன். அப்போது, கைத்தடி ஊன்றிய ஒரு மூதாட்டி எழுந்து ஏதோ சொன்னார். கூட்டம் அமைதியானது. நான் மகளைப் பார்த்தேன்.

“‘என் வரிய ஏத்துங்க, இத மூடாதீங்க’ன்னு சொல்றாங்கப்பா.”

“அவங்க பணக்காரங்களா?”

“இல்லப்பா. பென்ஷன்தான்.”

ஐயா, வரியைக் குறைக்கக் கோரி நான் எழுதியவற்றுக்கு அளவில்லை. என் வரியைக் கூட்டுங்கள் என்று ஒரு மனித உயிர் எழுந்து நின்று கேட்டதை எண்பது வயதில்தான் கண்டேன். நகராட்சி என்பது எங்கோ மேலே இருந்துகொண்டு, கேட்டால் கொடுத்து, கேளாவிட்டால் கையை மூடிக்கொள்ளும் ஒரு பிரபு என்றே நான் எண்ணி வந்திருந்தேன்.

அன்று மாலையே எங்கள் ஊர் நகராட்சி ஆணையருக்கு நான்கு பக்கம் எழுதினேன். கோடி வீட்டின் உண்மையான நீளம் நாற்பத்து நான்கு அடி. முப்பது என்று எழுதியது நான். தண்டலர் அளக்காதபடி பாவு கட்டச் சொன்னதும் நான். பதினொரு வீடுகளுக்கும் அவ்வாறே. அவர்கள் என்னை நம்பிக் கையெழுத்திட்டவர்கள். மறு அளவை செய்து உரிய வரியை விதிக்கவும், தறிக்கூடங்களை வீட்டின் பகுதி என ஏற்கவும் வேண்டுகிறேன் என்று முடித்தேன். மகள் அதனை ஸ்கேன் செய்து அனுப்பினாள். அன்றிரவு நன்கு உறங்கினேன். அதைச் சொல்ல இப்போது கூச்சமாயிருக்கிறது.

6

கடிதம் பயன் தந்தது. நகராட்சி முறைப்படியே நடந்துகொண்டது. கோடியில் வேலையை நிறுத்திவைத்து, மறு அளவைக்கு ஆளை அனுப்பியது. அதே மேடம் இம்முறை ஒரு சிறு கருவியோடு வந்தாராம். வாசலில் நின்றபடியே சிவப்பு ஒளியைப் பின்சுவர்மேல் பாய்ச்சி அளந்தாராம். இழைகளுக்கு மேலாக ஒளி போய்விட்டது. பாவை எவரும் தாண்டவேண்டியிருக்கவில்லை. கோடி வீடு நாற்பத்து நான்கு அடி எனப் பதிவாயிற்று. வடிகாலின் வளைவை வேறுவிதமாக அமைப்பதாகச் சொல்லி, வாசற்படியில் போட்ட கோட்டை அழித்தார்கள். எஸ்தரின் கூடம் அவளுக்கே உரியதாயிற்று.

மற்றப் பத்து வீடுகளும் அளக்கப்பட்டன. புதிய வரியும் பழைய பாக்கியும் கேட்டு நோட்டீசுகள் வந்தன.

இதனிடையே பருவமழை பிடித்துக்கொண்டது. பத்தாம் வீடுவரை பள்ளம் தோண்டியிருந்தார்கள். கோடியில் மட்டும் நின்றிருந்தது. வழி காணாத நீர் தோண்டிய பள்ளத்திலேயே தேங்கிப் பின்னோக்கி ஏறி ஆறு வீட்டுத் தறிக்குழிகளை நிரப்பியது. ஏகாம்பரத்தின் தறியில் இருந்த பட்டு நனைந்து சாயம் கலங்கிப்போயிற்று. கோடி வீடு சற்று மேடாகையால் எஸ்தரின் குழியில் நீர் ஏறவில்லை. அது ஏறியிருக்கலாகாதா என்றுகூட நான் நினைத்ததுண்டு.

மழை வெறித்தபின் எஸ்தர் அடுத்த பாவைத் தயார் செய்தாள். புதுப் பாவைத் தெரு நீளத்துக்கு நீட்டிப் பிடித்து இழைகளைச் சீர்செய்ய எட்டுப் பேராவது வேண்டும். அதற்குக் கூலி கிடையாது. இன்று எனக்கு நீ, நாளை உனக்கு நான் என்பதே வழக்கம். அதிகாலையில் தெருவின் நடுவில் கட்டைகளை நட்டுவிட்டு அவள் காத்திருந்தாள். கதவுகள் திறந்தேயிருந்தன. எவரும் வரவில்லை. ஏகாம்பரத்தின் மனைவி மட்டும் வாசலில் நின்று, “மாமாவ விட்டு எழுத வெச்சுட்டு, இப்ப எங்க கை வேணுமாக்கும்?” என்று எல்லார் காதிலும் விழக் கேட்டாளாம்.

இதை எஸ்தர் என்னிடம் சொல்லவில்லை. வேறு வழியாகக் கேள்வியுற்று நானே அழைத்தேன். பக்கத்து ஊரான முள்ளிப்பட்டிலிருந்து ஆட்களைக் கூலிக்கு வைத்துப் பாவை முடித்துக்கொண்டதாகச் சொன்னாள். ஒவ்வொரு பாவுக்கும் அப்படிச் செய்தால் அவளுக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை.

“எஸ்தர், நான் எழுதினது தப்பாம்மா?”

“தப்புன்னு யாருங்க மாமா சொன்னது? நெசத்ததானே எழுதினீங்க.”

“பின்ன?”

அவள் கைப்பேசியைத் தறிமேல் சாய்த்து வைத்தாள்.

“ஏகாம்பரண்ணன கேட்டீங்க. ஜெயாவ வெச்சிகினு அனுப்பினீங்க. ஒரு வார்த்த என்ன கேட்டுட்டு எழுதியிருக்கலாம். இந்தக் கூடத்த உட்டுக் குடுத்துட்டு தெருவோட இருந்திருப்பேனோ என்னவோ. எனக்கே தெரியல. கேட்டிருந்தீங்கன்னா யோசிச்சிருப்பேன்.”

அன்று அவளைக் கேளாமலேயே அவள் வீட்டை முப்பது அடியாக்கினேன். இன்று அவளைக் கேளாமலேயே அதை நாற்பத்து நான்காக்கினேன். முதலாவதை வரியை ஏய்க்கச் செய்தேன். இரண்டாவதை மனசாட்சிக்காகச் செய்தேன். இரண்டு முறையும் அந்த வீட்டில் இருப்பவள் எனக்கு ஓர் அளவாக மட்டுமே தோன்றியிருக்கிறாள். வரி கட்டவேண்டும் என்றது சரியே. அதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. அந்தப் பதினொரு வீட்டு வரியும் சேர்ந்துதான் நின்றுபோன வடிகால் இனி முடியவேண்டும். ஆனால், சரியானதைச் செய்த இடத்திலும் நான் பழைய மனுக்காரனாகவே இருந்தேன்.

தெருக்காரர்களுக்கு ஒரு விளக்கம். வடிகால் பின்பக்கம் வரும் என்பதோ, கோடு விழும் என்பதோ எஸ்தருக்கு முன்னே தெரியாது. கூடத்தை விட்டுக்கொடுத்துத் தெருவோடு இருந்திருக்கவும் கூடியவள் அவள். அவள் என்னை எழுதச் சொல்லவில்லை, எழுதியபின்பே அறிந்தாள். உங்களுக்குக் கோபம் இருப்பின், முகவரியை இதழாசிரியரிடம் கொடுத்திருக்கிறேன். எனக்கு எழுதித் திட்டுங்கள். தெருவில் நீட்ட அவளுடைய அடுத்த பாவு ஆயத்தமாகிறது என்று அறிகிறேன்.

எஸ்தரும் நானும் பேசிக்கொண்டதற்கு வேறு சாட்சி இல்லை. எனக்கும் வயதாகிவிட்டது. ஆகையால், ஐயா, அம்மா, இதனை வெளியிட்டாலும் வெளியிடாவிட்டாலும் எறிந்துவிடாமல் தங்களிடம் வைத்திருக்கும்படி வேண்டுகிறேன்.